கடன் கொடுத்தவர் எங்கே நிற்க வேண்டும்?



கேட்பதற்கு இலேசான ஒரு கேள்வி. விடை சொல்லப் போனால்தான் நம்மில் பலர் தயங்குவோம். பிறரிடம் கடன்பட்டவர், அதை உரிய நாளில் கட்ட முடியாதிருக்கும்போது, அறவிட வந்தவர் தம்மை ஏசினார், மிரட்டினார், அயலவர் முன் அவமானப்படுத்தினார் என்று அதிகாரிகளிடம் முறையிடலாமா? கடனைக் கட்டாதவருக்கு முறைப்பாடு செய்ய வாய் உண்டா?

"வாங்கும்போது இனித்தது, கட்டும்போது கசக்கிறதோ?" என்று ஊர் கேட்கும். ஊர் கேட்கு முன்பே கடன்பட்டவரின் நெஞ்சம் அதைக் கேட்டுவிடுகிறது. அதனாற்றான் இந்தக் கேள்வியைச் சட்டத்தரணிகளிடம் விட்டுவிடாமல் நம் குடும்பங்களின் முன் வைக்கிறோம். இது சட்டத்துக்கு முன்னரே மனச்சாட்சியைத் தொடும் விடயம்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் போகும் பாதையில் மருதமுனையைத் தாண்டினால் பெரியநீலாவணை. அம்பாறை மாவட்டக் கரையோரத்தின் வடக்கெல்லை அது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் மண். கடலும் வயலும் கைத்தறியும் கூலிவேலையும் சோறு போடுகின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து எடுத்துச் சென்றவை கொஞ்சமல்ல. 2009இல் யுத்தம் முடிந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்த குடும்பங்களைத் தேடி, வட்டிக்குக் காசு கொடுக்கும் கம்பனிகள் கிழக்கிற்கும் வடக்கிற்கும் வந்தன. காணி உறுதி வேண்டாம், நகை வேண்டாம், ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதும் என்றன. வங்கி வாசலை மிதித்தறியாத தாய்மாருக்கு அது நல்ல செய்தியாகவே இருந்தது. அந்தக் காசில் தையல் இயந்திரம் வாங்கிப் பிழைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அதை மறைப்பது நியாயமன்று.

ஆனால் கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஐம்பதாயிரம் ரூபா கடன். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 24 என்கிறார்கள். பன்னிரண்டாயிரத்தைக் கூட்டி 62,000 ரூபாவை 52 கிழமைகளுக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. சரிதானே என்று தோன்றும். கிழமைதோறும் முதல் குறைந்துகொண்டே வருகிறது; வட்டியோ முழு ஐம்பதாயிரத்துக்கும் கடைசி நாள் வரை கணக்கிடப்பட்டிருக்கிறது. உண்மை வட்டி 44 வீதத்தை எட்டுகிறது. இது மென்மையான உதாரணம். 2018ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களுக்கு 220 வீதம் வரை வட்டி அறவிடப்படுவதாக எழுதினார். அறவிட வருபவர்கள் பெண்களை மிரட்டுவதையும், கட்டவேண்டிய காசுக்குப் பதிலாக உடலைக் கேட்கும் இழிவையுங்கூட அவர் பதிவு செய்தார்.

ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று நான்கு கம்பனிகளின் புத்தகங்கள் ஒரே அலுமாரியில் இருக்கும் வீடுகளை நீங்கள் அறிவீர்கள். திங்கள் ஒருவர், புதன் ஒருவர், வெள்ளி ஒருவர். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பிள்ளையை வாசலுக்கு அனுப்பி, "அம்மா இல்லை" என்று சொல்ல வைக்கும் வீடுகளையும் அறிவீர்கள். பொய் சொல்லாதே என்று மறைக்கல்வியில் படித்த பிள்ளைதான் அது.

இனி நமது கேள்விக்கு வருவோம். கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் ஐயமில்லை. ஏழாம் கட்டளை கம்பனிக்காரனுக்கு ஒரு விதம், நமக்கு ஒரு விதம் என்று எழுதப்படவில்லை. கட்ட இயன்றும் கட்டாமல் ஏமாற்றுகிறவருக்காக இக்கட்டுரை வாதாடவில்லை.

ஆனால் கடன் என்றால் என்ன? இத்தனை ரூபாவை இத்தனை நாளில் தருவேன் என்ற வாக்கு. அந்தத் தாளில் ஒரு தாய் கையொப்பமிடும்போது அவள் ஒப்புக்கொள்வது பணத்துக்கு மட்டுமே. தன் மானத்தையோ, இரவுத் தூக்கத்தையோ, வயதுக்கு வந்த மகளின் நிம்மதியையோ அவள் பிணை வைக்கவில்லை. வைக்க நினைத்தாலும் வைக்க முடியாது. அவை விற்பனைக்குரியவை அல்ல. ஆகவே இரவு ஒன்பது மணிக்கு வாசலில் வந்து குந்தியிருந்து, "காசு வைக்காமல் எழும்பமாட்டேன்" என்று சத்தமிடுகிறவர் தமக்குரியதைக் கேட்கவில்லை. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றை எடுக்கிறார். எடுப்பவர் கடன் கொடுத்தவராக இருப்பதால் அது களவு இல்லையென்று ஆகிவிடுமா?

உபாகமம் என்று நம் பெரியோர் அழைத்த இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னஞ்சிறு சட்டம் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்கப் போகும்போது கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன்தான் பொருளை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். ஏழையின் போர்வையை அடகாக வாங்கியிருந்தால், பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவில் அவன் எதைப் போர்த்துப் படுப்பான்? அதே அதிகாரம் மாவரைக்கும் கல்லை அடகு வாங்குவதையும் தடுக்கிறது, அது ஒரு வீட்டின் உயிர் என்பதனால்.

கடன் செல்லாது என்று அந்தச் சட்டம் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். கொடுத்தவருக்கு உரிமை உண்டு; ஆனால் அந்த உரிமை வாசற்படியோடு நின்றுவிடுகிறது. படிக்கு உள்ளே கடன்பட்டவர்தான் வீட்டுக்காரர். நம் அயலவரான முஸ்லிம் சகோதரரின் வேதமும், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், இயலுமானால் விட்டுக்கொடுக்கவும் பணிக்கிறது. பெரியநீலாவணையில் எந்தப் பக்கத்து வீட்டைக் கேட்டாலும் இதில் மாற்றுக் கருத்து இராது.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரமும் வாசிக்கத்தக்கது. யெருசலேம் மதில் கட்டப்படும் காலம். வறட்சியாலும் வரியாலும் நொந்த மக்கள், வயலையும் வீட்டையும் ஈடு வைத்தும் போதாமல் பிள்ளைகளை அடிமையாக்க வேண்டிய நிலைக்கு வந்து, கடன் கொடுத்த தம் சொந்தச் சகோதரருக்கு எதிராகக் கூக்குரலிட்டார்கள். ஆண்கள் மட்டுமல்ல, அவர்களுடைய மனைவியரும் என்று நூல் தனியே குறிப்பிடுகிறது. ஆளுநரான நெகேமியா, "ஏன் வாங்கினீர்கள்?" என்று அவர்களைத் திருப்பிக் கேட்கவில்லை. கோபங்கொண்டார், பெருங்கூட்டம் கூட்டினார், கொடுத்தவர்களை மக்கள் முன்னிலையில் நிறுத்தி, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். இதைவிடத் தெளிவான முறைப்பாடும் விசாரணையும் வேறெங்கே தேடுவோம்?

இருந்தாலும் நம் ஊர்களில் மூன்று பேச்சுகள் எழும். மூன்றும் நல்ல மனத்திலிருந்து எழுபவையே.

"பாவம், அந்தப் பெடியன்" என்பது ஒன்று. உண்மை. வசூலிக்க வருபவன் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பிள்ளை. உயர்தரம் படித்துவிட்டு வேலையின்றி இருந்தவன். மாத இலக்கை எட்டாவிட்டால் அவனையும் மேலிருப்பவர் ஏசுவார். அவன்மேல் முறையிட்டால் வேலை போகும், அவன் வீட்டிலும் ஒரு தாய் அழுவாள். இந்த இரக்கத்தை நாம் இகழக்கூடாது. ஆனால் முறைப்பாடு யாருக்கு எதிரானது? அவனை அனுப்பியவருக்கு எதிரானது. வாசலில் நிற்கும் இளைஞனை மட்டும் பிடித்து ஊர் நாலு சாத்துச் சாத்தி அனுப்பினால், அடுத்த கிழமை வேறொருவன் வருவான், முன்னவனைவிட முரடனாக. எழுத்தில் போகும் முறைப்பாடோ அலுவலகத்தின் மேசையில் விழுகிறது. ஏசினால்தான் காசு வரும் என்று அவனுக்குப் பழக்கிய மேலாளர் அதற்குப் பதில் எழுதவேண்டி வருகிறது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றவும் அதுவே வழியாகலாம்.

இரண்டாவது பேச்சு கடினமானது. "நீ போய் முறைப்பாடு செய்தால் எங்களுக்கும் லோன் இல்லாமற் போய்விடும்." குழுவிலிருக்கும் மற்ற நால்வரும் இதைச் சொல்வார்கள். குழுக்கடனின் கொடிய பக்கம் இதுதான். பங்களாதேஷில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் தொடங்கி, 1983இல் வங்கியாக உருவாக்கிய கிராமின் வங்கி இம்முறையைப் பரப்பியபோது, அயலவர் ஒருவரையொருவர் தாங்குவர் என்பதே நோக்கம். 2006இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம் ஊர்களில் நடந்ததோ வேறு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை விடமாட்டேன் என்று கூட்டம் நடக்கும் விறாந்தையிலேயே மணிக்கணக்காக இருத்திவைப்பார்கள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள், பாடசாலை விட்டு வரும் பிள்ளையை ஏற்றப் போகவேண்டியவள், எல்லோரும் சேர்ந்து அந்த ஒருத்தியைத் திட்டுவார்கள். வசூலிப்பவர் வாய் திறக்க வேண்டியதே இல்லை. சகோதரியைக் கொண்டு சகோதரியை ஏச வைத்தாயிற்று. கம்பனியின் செலவில்லாத காவற்காரர்களாக நாமே ஆகிவிடுகிறோம்.

லோன் நின்றுவிடும் என்ற பயம் வீண் பயம் என்று சொல்லமாட்டோம். இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் 2010ஆம் ஆண்டு, கடன் தொல்லையால் ஏழைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வெளிவந்து, அந்த வருடம் ஒக்டோபரில் அரசு கடுமையான அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மக்கள் கட்டுவதை நிறுத்தினர். கம்பனிகள் கொடுப்பதை நிறுத்தின. கைமாற்றுக்கு வழியின்றித் திண்டாடிய குடும்பங்கள் பல. ஆகவே முறைப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு என்று அறிந்தே அதைச் செய்யவேண்டும். ஆனால் நால்வரின் அடுத்த லோனுக்காக ஐந்தாமவளின் மானத்தை விலையாகக் கொடுப்பது பேரம் பேசக்கூடிய காரியமா? கிராமத்துச் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்கள் இந்த நாட்டில் 1906ஆம் ஆண்டிலிருந்தே இருந்துவருகின்றன. சணச என்று பெயர் பெற்று 1978இல் புத்துயிர் பெற்ற இயக்கமும் அதுவே. கம்பனி அளவு விரைவாகவும் தாராளமாகவும் அங்கே காசு கிடைக்காது. சொந்தக் காசைச் சேமித்துத் தம்முள் கடன் கொடுப்பவர்கள் இரவில் கதவைத் தட்டுவதும் அரிது.

மூன்றாவது, "கோள் சொல்வது பாவம்." பிறர் குற்றத்தை ஊரெல்லாம் பரப்புவது பாவமே. திருத்த அதிகாரமுள்ளவரிடம், தக்க காரணத்தோடு, உள்ளதை உள்ளபடி சொல்வது அந்தப் பாவத்தில் சேராது. மத்தேயு 18இல் ஆண்டவர் காட்டிய ஒழுங்கை நினைத்துப் பாருங்கள்: முதலில் தனியே சொல், கேளாவிடில் ஓரிருவரைச் சாட்சியாகக் கூட்டிச் செல், அதற்கும் கேளாவிடில் சபைக்கு அறிவி. இன்றைய முறைப்பாட்டு வழியும் ஏறக்குறைய அதே படிகளில்தான் ஏறுகிறது.

முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கி. பாவனையாளர் பாதுகாப்பு என்றவுடன் அரிசி விலையும் பருப்பு விலையும் கேட்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைதான் நம் நினைவுக்கு வரும். கடனும் விலை கொடுத்து வாங்கும் ஒரு சேவைதான். அதற்கென்று வேறு கதவு இருக்கிறது. வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைக் கேட்பதற்கு இலங்கை மத்திய வங்கி 2020ஆம் ஆண்டு தனித் திணைக்களம் ஒன்றை அமைத்தது. 1935 என்பது அதன் தொலைபேசி இலக்கம். 2023 ஆகஸ்டில் நிதிச் சேவை பெறுவோரைப் பாதுகாக்கும் ஒழுங்குவிதிகளும் வர்த்தமானியில் வெளியாயின. வாடிக்கையாளரை நியாயமாக நடத்தவேண்டும், விளங்கும் மொழியில் விபரம் சொல்லவேண்டும் என்பவை எல்லாம் இன்று அந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் விதிகள். ஒரு வசூல்காரர் பெரிய மனதோடு செய்யும் சலுகைகள் அல்ல.

இதில் ஓட்டையும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற கம்பனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே இருந்துவந்தன. உரிமம் இல்லாமலே ஊருக்குள் காசு கொடுத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. மத்திய வங்கி 2018இன் இறுதியில் நுண்கடனுக்கு 35 வீத வட்டி உச்சவரம்பு விதித்தபோதும், தன் கண்காணிப்பில் உள்ளவர்களையே அதனால் கட்டுப்படுத்த முடிந்தது. ஆகவே வாசலுக்கு வருபவர் எந்த நிறுவனத்தவர், அது எங்கே பதிவானது என்று முதலில் கேட்டறிய வேண்டும். கேட்டதற்கே கோபப்படுகிறாரானால் பாதி விடை கிடைத்துவிட்டது. உரிமம் உள்ளவரோ இல்லாதவரோ, மிரட்டுவதும் அத்துமீறி வீட்டுக்குள் நுழைவதும் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவதும் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். அதற்குப் பொலிஸ் நிலையமே போதும்; கொழும்புக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.

"மறியலில் போடுவேன்" என்ற வெருட்டைப் பற்றி ஒரு சொல். வாக்களித்த கடனைக் கட்ட இயலாமை என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் சிறையிடலாகாது என்கிறது ஐக்கிய நாடுகளின் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை. இலங்கை 1980இல் அதில் சேர்ந்தது. கடன்காரர் வழக்குப் போடலாம், நீதிமன்றம் கட்டளையிடலாம். மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கு நீதவானின் அதிகாரம் கிடையாது.

பிற நாடுகள் இதை என்றோ உணர்ந்தன. இங்கிலாந்தில் கடனாளியைத் தொல்லைப்படுத்தி அறவிடுவதை 1970ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அமெரிக்காவில் 1977இல் வந்த சட்டப்படி அறவிடும் முகவர் காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஒன்பது மணிக்குப் பின்போ கடனாளியை அழைக்கலாகாது. இணைச்சட்டத்தின் வாசற்படியே இங்கு மணிக்கூடாக மாறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

நம் நாட்டில் பெண்களே எழுந்து நின்றதும் உண்டு. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடனைக் கட்ட முடியாதிருந்த பெண்களின் சுமையை அரசு ஏற்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு முன் வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்வலங்கள் நடந்திருந்தன. 2021 மார்ச் 8ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் நொந்த சிங்களப் பெண்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் 50 நாட்களுக்கு மேல் நீடித்தது. மொழி வேறானாலும் வாசலில் கேட்ட ஏச்சு ஒன்றுதான்.

முறைப்பாடு எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று யாரும் நம்பி ஏமாறக்கூடாது. 2017ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டித் தொல்லைக்கு ஆளான கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரு சிறு பெண் குழந்தைகளோடும் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் முறையிடாதவர் அல்லர். அதே அலுவலகத்தில் திரும்பத் திரும்ப மனுக்கொடுத்தவர். அதீத வட்டியைத் தடுக்கும் சட்டம் அந்த மாநிலத்தில் 2003 முதலே இருந்தது. சட்டம் இருந்தது, மனு இருந்தது, வாசித்து நடவடிக்கை எடுப்பார் இல்லை. அந்தக் குழந்தைகளை நினைக்கும்போது, மனுவை வாங்கி அடுக்கி வைத்த கைகளும் கணக்குக் கொடுக்க வேண்டியவையே என்று தோன்றுகிறது.

அதனாற்றான் கடன்பட்டவரைத் தனியே அனுப்பாதீர்கள் என்கிறோம். கூனிக்குறுகி நிற்கும் தாய் ஒருத்தியிடம் உத்தியோகத்தர், "எவ்வளவு பாக்கி?" என்று கேட்ட மாத்திரத்தில் அவள் குரல் அடங்கிவிடும். எழுதத் தெரிந்த ஒருவர், நேரில் கண்ட அயலவர் ஒருவர், கடனே படாத ஒருவர் உடன் போக வேண்டும். வேலிக்கு இப்பால் நின்று ஏச்சைக் கேட்டவர், அது அவர்கள் வீட்டு விடயம் என்று கதவைச் சாத்திக்கொண்டால், கடன் அறவிடும் தினத்தில் ஊரில் ஒரு சாட்சியும் இராது. வெள்ளிக்கிழமை அவர் வருவார் என்று தெரிந்தால், அந்த நேரத்தில் அந்த வீட்டு விறாந்தையில் போய் ஒரு கதிரையில் இருங்கள். ஒன்றும் பேச வேண்டியதில்லை. வாழ்வே வேண்டாம் என்று பேசத் தொடங்கிவிட்ட எவரையேனும் கண்டால், கடனை மறந்துவிட்டு முதலில் அவர் பக்கத்தில் இருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.

முறைப்பாட்டில் ஆத்திரம் வேண்டாம். கடன் வாங்கிய திகதி, தொகை, இதுவரை கட்டியது, இன்னும் கட்டவேண்டியது ஆகியவற்றை ஒளிக்காமல் முதலில் எழுதுங்கள். கட்டுவதற்கு மனமுண்டு, இவ்வளவுதான் இயலும், இத்தனை தவணை வேண்டும் என்றும் எழுதுங்கள். அதன்பின் வந்தவர் எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், யார் கேட்டார் என்பவை. தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். கட்டிய துண்டுகளின் பிரதிகளை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைக் கடன் புத்தகத்துக்குள் வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு இரண்டாவதை எழுதுங்கள். அதிலும் அந்த அயலவர் கையொப்பமிடட்டும்.